எல்லோருக்கும் ஒரே லினக்ஸ் பொருந்துமா? பன்னிரண்டு பழைய கணினிகளை வைத்து ஒரு பதில்

உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் 12 பழைய கணினிகளை அனுப்பியிருக்கிறார்கள். எல்லாம் விண்டோஸ் 10 இல் ஓடியவை. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 அவற்றில் ஏறாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். சரி, லினக்ஸ் போடுவோம் என்று விசாரித்தால் ஒருவர் உபுண்டு என்கிறார், ஒருவர் மின்ட் என்கிறார், பல்கலைக்கழகத்தில் படிக்கிற தம்பி ஒருவர் ஆர்ச் என்கிறார். “பின்னேரத்தில் வரும் சின்னப் பிள்ளைகள், உயர்தரம் படிக்கிறவர்கள், பேப்பர் வாசிக்க வரும் ஐயாமார், நிலையத்தின் கணக்கு எழுதும் செயலாளர், எல்லோருக்கும் பொருந்துகிற ஒன்றைச் சொல்லுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் ஏன் இல்லை என்றாவது சொல்லுங்கள்” என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் சேர்ந்து கிடக்கின்றன. கணினி பாவிக்கும் எல்லோருக்கும் ஒரே வழங்கல் (உபுண்டு, மின்ட், ஆர்ச் போன்ற லினக்ஸ் வகை) பொருந்துமா என்பது ஒன்று. இந்த 12 கணினிகளுக்கும் ஒரே முடிவை எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமா என்பது மற்றது. முதலாவதுக்கு என் பதில்: பொருந்தாது. இரண்டாவதுக்கு: பெரும்பாலும் முடியும். இரண்டையும் கலந்துவிடுவதால்தான் ஆளுக்கொரு பெயர் வந்து உங்களைக் குழப்புகிறது.

நான் கொழும்பில் படித்த காலத்தில், 2007 இல், தபாலில் இலவசமாக வந்த உபுண்டு சீடியில்தான் லினக்ஸை முதலில் தொட்டேன். சீடி அனுப்பும் அந்தத் திட்டம் 2011 இல் நின்றுவிட்டது. 2010 இல் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிக் கொக்குவிலில் ஒரு சின்னத் திருத்தும் கடையில் ஐந்து வருடம் இருந்தேன். அதன் பிறகு இன்றுவரை வலிகாமத்திலும் தீவகத்திலும் சில பாடசாலைகளின், வாசிகசாலைகளின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். கீழே சொல்வதில் ஒரு பகுதி யாரும் பார்த்து உறுதிசெய்யக்கூடியது. இன்னொரு பகுதி என் கைப்பழக்கத்தில் வந்த அபிப்பிராயம். எது எது என்று அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

லினக்ஸ் என்பது 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கெர்னலின், அதாவது இயங்குதளத்தின் கருவின், பெயர். கெர்னல் மட்டும் இருந்தால் திரையில் ஒரு பொத்தான்கூட வராது. க்னூ என்ற அடிப்படைக் கருவிகள், கண்ணுக்குத் தெரியும் பணிச்சூழல், உலாவி, எழுத்துருக்கள், சாதனங்களுக்கான டிரைவர்கள், அப்டேட்டுகளை இறக்கித் தரும் ஏற்பாடு எல்லாவற்றையும் யாரோ ஒருவர் அதோடு சேர்த்துக் கட்டித் தரவேண்டும். அந்தக் கட்டுக்குத்தான் வழங்கல் என்று பெயர். டிஸ்ட்ரோ என்று பெடியள் சொல்வதும் இதைத்தான். டெபியன் 1993 இல் தொடங்கியது. உபுண்டு 2004 இல் டெபியனை அடிப்படையாக வைத்து வந்தது, மின்ட் 2006 இல் உபுண்டுவை அடிப்படையாக வைத்து வந்தது. நம் வீட்டுக் கறித்தூளை நினைத்துப் பாருங்கள். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் யாழ்ப்பாணத் திருநெல்வேலிச் சந்தையில் ஒரே கடையில் வாங்கியதாக இருக்கலாம். ஒரு வீட்டில் மிளகாய் தூக்கலாக இருக்கும். அடுத்த வீட்டில் பிள்ளைகளுக்காக மல்லியைக் கூட்டி வறுத்திருப்பார்கள். வழங்கல்களும் அப்படித்தான். உள்ளே போகும் சாமான்கள் பெரும்பாலும் ஒன்று. எதை எவ்வளவு, எந்தப் பக்குவத்தில் என்ற முடிவுகள் வேறு. அந்த முடிவுகளில் சில ஒன்றோடொன்று சேரவே சேராதவை.

சேராதவற்றில் பெரியது, புதியது வேண்டுமா மாறாதது வேண்டுமா என்பது. டெபியனின் நிலையான பதிப்பு ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறது. 12 ஆவது பதிப்பு 2023 ஜூனில் வந்தது, 13 ஆவது 2025 ஓகஸ்டில். வந்த பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் இறங்குமே தவிர, உள்ளே இருக்கும் மென்பொருள்களின் பதிப்பு பெரும்பாலும் அசையாது. கணக்கு எழுதும் உங்கள் செயலாளருக்கு இது பெரிய நிம்மதி. நேற்று இருந்த இடத்திலேயே மெனு இன்றும் இருக்கும். ஆர்ச்சில் பதிப்பு என்ற கணக்கே கிடையாது. புதியது வர வர இறங்கிக்கொண்டே இருக்கும். நிரல் எழுதிப் பழகும் பல்கலைக்கழகத் தம்பிக்கு அது பிடித்திருப்பதில் நியாயம் இருக்கிறது. ஏதாவது உடைந்தால் இரவு இருந்து அதைச் சரிசெய்வதும் அவருக்குப் படிப்புத்தான். அதே உடைசல் செயலாளரின் கணினியில் மாதக் கடைசியில் வந்தால் நிலையத்தின் வேலை நின்றுவிடும்.

ஒரே கிழமையில் நடந்த இரண்டு விடயங்களைச் சொல்கிறேன். சுன்னாகத்திலிருந்து ஒரு தங்கச்சி புத்தம் புது லப்டொப்புடன் வந்தார். சொந்தக்காரர் ஒருவர் சொல்லி அதில் டெபியன் போட்டிருந்தார். எல்லாம் வந்தது, வைஃபை மட்டும் வரவில்லை. “அண்ணா, இது என்ர லப்டொப்பில பிழையோ? கடையில திருப்பிக் குடுக்கட்டோ?” என்று கேட்டார். லப்டொப்பில் ஒரு பிழையும் இல்லை. அதில் இருந்த வைஃபை சில்லு, அந்த டெபியனில் இருந்த கெர்னலைவிட வயதில் இளையது. கெர்னலுக்கு அதை அடையாளம் தெரியவில்லை. என் போனை யூஎஸ்பி வயரால் கொழுவி, போனின் இணையத்தை லப்டொப்புக்குக் கொடுத்து, டெபியனின் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து (நிலையான பதிப்புக்கு ஏற்றபடி புதிய மென்பொருள்களைத் தரும் இடம்) புதிய கெர்னலை இறக்கினோம். மீளத் தொடங்கியதும் வைஃபை வந்தது. என்னிடம் இருந்த இணைப்பிலேயே போட்டுப் பார்த்துவிட்டு மகிழ்ச்சியாகப் போனார். அதே கிழமை வேலணையில் ஒரு வாசிகசாலைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பழைய மேசைக் கணினியில் அதே டெபியனை நான் போட்டு நெடுநாளாகிவிட்டது. அதுவரை யாரும் என்னைக் கூப்பிட்டதே இல்லை. பிரின்டருக்கு மை மாற்றத்தான் கூப்பிட்டிருந்தார்கள். ஒரே வழங்கல், ஒரே பதிப்பு, ஓர் இடத்தில் கண்ணீர் வரவைத்தது, இன்னோர் இடத்தில் இருப்பதே தெரியாமல் வேலை செய்தது.

அடுத்தது கனம். பழைய கணினி எதிலும் லினக்ஸ் ஓடும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உபுண்டு 24.04 டெஸ்க்டொப்புக்கு 4 ஜிபி ராம், 25 ஜிபி வட்டு இடம் வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். மின்ட் 2 ஜிபி போதும், வசதியாக ஓட 4 ஜிபி வேண்டும் என்கிறது. மிகப் பழைய கணினிகளில் இருக்கும் 32 பிட் புரொசெசர்களை உபுண்டு டெஸ்க்டொப் 2017 இல் வந்த 17.10 உடனேயே கைவிட்டுவிட்டது. டெபியனும் 13 ஆவது பதிப்பில் 32 பிட் கணினிகளுக்கான நிறுவியைத் தருவதில்லை. இவை உறுதியானவை. இனி வருவது என் அனுபவம்: 2 ஜிபி ராமில் எந்த மெல்லிய வழங்கலைப் போட்டாலும் கணினி விரைவாக எழும்பும், ஆனால் உலாவியில் நான்காவது தாவலைத் திறந்ததும் திணறத் தொடங்கும். கனம் இன்று இயங்குதளத்தில் இருப்பதைவிட இணையப் பக்கங்களில்தான் கூடுதலாக இருக்கிறது. எந்த வழங்கல் என்று ஒரு மாதம் யோசிப்பதைவிட, பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி (அசையும் பாகம் இல்லாத வேகமான வட்டு) போடுவதால் கிடைக்கும் வித்தியாசம் பல மடங்கு பெரிது. நிலையத்தில் கொஞ்சம் காசு இருந்தால் முதலில் அதற்குச் செலவழியுங்கள்.

முகத்தோற்றம் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. 2011 இல் க்னோம் என்ற பணிச்சூழல் தன் மூன்றாவது பதிப்பில் பழைய மெனுவையும் கீழ்ப்பட்டையையும் மாற்றியபோது பலர் ஏற்கவில்லை. பழைய க்னோமைத் தொடர மாத்தே பிறந்தது, மின்ட் குழு சினமனை உருவாக்கியது. உபுண்டு யூனிட்டி என்று தனியாக ஒன்றைக் கொண்டுவந்து, 2017 இல் திரும்ப க்னோமுக்கே வந்தது. மின்ட் என்ற ஒரே வழங்கலே இன்று சினமன், மாத்தே, எக்ஸ்எஃப்சிஈ என்று மூன்று முகங்களோடு வருகிறது. தங்கள் பாவனையாளர்களை நன்றாக அறிந்த குழுவுக்கே ஒரு முகம் போதவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம்மூருக்கே உரிய விடயம் தமிழ் எழுத்து. எந்த வழங்கல் என்ற விவாதங்களில் இது வருவதே இல்லை, ஆனால் உங்கள் நிலையத்தில் முதல் நாளே வரும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எங்கள் பக்கத்தில் கல்வெட்டு அச்சடிக்கும் வேலைக்கு உதவுகிறவர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்கும் நினைவு மலரைத்தான் சொல்கிறேன். பென் டிரைவைக் கொண்டுவந்து, நான் புதிதாக லினக்ஸ் போட்டிருந்த வாசிகசாலைக் கணினியில் கொழுவினார். கோப்பு திறந்தது. தேவாரம் இருக்கவேண்டிய இடத்தில் வரிவரியாக ஆங்கில எழுத்துகள். மவுஸை மெதுவாக உருட்டிக் கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “தம்பி, என்ர பதினாலு வருச வேலையும் போட்டுதோ?” என்றார். “ஒண்டும் போகேல்லை சேர், கொஞ்சம் பொறுங்கோ” என்றேன்.

நடந்தது இதுதான். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். அந்த ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருப்பதுதான் பாமினி. எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் பொருளற்ற ஆங்கிலம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் உலகத் தரமான யுனிகோடில் தமிழ் 1991 இல் வந்த முதல் பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது; இருந்தும் நம் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பல வருடக் கோப்புகள் பாமினியில்தான் கிடக்கின்றன. அவருடைய பழைய கணினியிலிருந்து எழுத்துருக் கோப்பை எடுத்து இதில் எழுத்துருக்களுக்கான கோப்புறையில் போட்டு, ஆவணம் எழுதும் லிப்ரே ஓபிஸ் மென்பொருளை மூடித் திறந்தேன். தேவாரம் வந்தது. வேலை பதினைந்து நிமிடம். ஆனால் நான் பாவித்த எந்த வழங்கலிலும் பாமினி முன்கூட்டியே இருந்ததில்லை. ஊரில் யாராவது போட்டால்தான் உண்டு.

தட்டச்சும் அப்படியே. இலங்கையில் தரப்படுத்தப்பட்ட ரெங்கநாதன் விசைப்பலகை, தமிழ்நாட்டின் தமிழ்99, ஆங்கில ஒலியில் அடிக்கும் முறை, மூன்றும் லினக்ஸில் ஐபஸ், எம்17என் என்ற இரண்டு பொதிகளைப் போட்டால் கிடைக்கும். ஆனால் ஒரே வீட்டில் அப்பா தட்டச்சுப் பள்ளியில் பழகிய விரல்களோடு வருவார், மகள் ‘அம்மா’வை ஆங்கில எழுத்துகளில் அடிப்பாள். எந்த வழங்கலைத் தேர்ந்தாலும் இந்த இருவருக்குமாக யாரோ ஒருவர் உட்கார்ந்து அமைத்துக் கொடுக்கவேண்டும்.

“விண்டோஸ் ஒன்றுதானே, அது எல்லோருக்கும் பொருந்தவில்லையா?” என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். கடையில் நான் இருந்தபோது விண்டோஸ் போட்டு முடிப்பது வேலையின் பாதிதான். ஒரு பென் டிரைவ் வைத்திருந்தோம். அதில் பாமினியும் இன்னும் பத்துப் பதினைந்து தமிழ் எழுத்துருக்களும், உலாவி, வீடியோ பார்க்கும் செயலி, பிடிஎஃப் திறக்கும் செயலி, ஊரில் அதிகமாகப் புழங்கிய பிரின்டர்களின் டிரைவர்கள் எல்லாம் இருக்கும். கொண்டுவந்தவரின் பெயரையும் வேலையையும் ஒரு துண்டில் எழுதிக் கணினியில் ஒட்டுவோம். அச்சகக்காரர் என்றால் ஒரு தொகுதி, படம் வரைகிறவர் என்றால் இன்னொன்று, ரியூசன் பிள்ளை என்றால் வேறொன்று. அந்தத் துண்டைப் பார்த்துத்தான் பென் டிரைவில் எதை எதைப் போடுவது என்று முடிவெடுப்போம். இப்போது யோசித்தால், வழங்கல் செய்கிறவர்கள் செய்யும் வேலையைத்தான் நாங்கள் கொக்குவிலில் அந்த மேசையில் இருந்து செய்துகொண்டிருந்தோம். விண்டோஸ் எல்லோருக்கும் பொருந்தியதற்கு ஊருக்கு ஊர் இப்படியான ஒரு மேசையும், ஆளை அறிந்த ஒருவரும் இருந்ததும் காரணம். லினக்ஸ் உலகத்தில் அந்த வேலையின் பெரும்பகுதி கடை மேசையிலிருந்து வழங்கலுக்குள் போய்விட்டது. அதனால் பெயர்கள் பெருகின. கடைசி ஒரு முழ வேலை மட்டும் இன்னும் ஊரில் இருப்பவரிடமே இருக்கிறது.

எல்லாவற்றையும் ஒன்றாக்கப் பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. 2002 இல் சூசே, டேர்போலினக்ஸ், கொனெக்டிவா, கால்டெரா என்ற நான்கு நிறுவனங்கள் யுனைட்டெட்லினக்ஸ் என்ற பொது அடிப்படைக்காகச் சேர்ந்தன. கால்டெரா எஸ்சிஓ என்று பெயர் மாற்றி 2003 இல் ஐபிஎம் மீது வழக்குப் போட்டதோடு அந்தக் கூட்டு கலைந்துபோனது. ஜேர்மனியின் மியூனிக் நகரசபை 2003 இல் முடிவெடுத்து, லிமக்ஸ் என்று தனக்கென ஒரு வழங்கலைச் செய்து, ஏறக்குறைய 15,000 கணினிகளில் கொண்டுவந்தது. 2017 இல் திரும்ப விண்டோஸுக்குப் போக அதே நகரசபை வாக்களித்தது. மென்பொருள் சரிவராததால்தான் திரும்பினார்கள் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள், அரசியல்தான் காரணம் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். இது இன்றும் விவாதத்தில் இருப்பது. மியூனிக்கைக் காட்டி லினக்ஸ் தோற்றது என்றோ வென்றது என்றோ வாதிடுவதை நான் ஏற்கமாட்டேன். கேரளத்துப் பாடசாலைகள் வேறு கதை. உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தங்களுக்கென ஒரு வழங்கலைச் செய்து மாநிலம் முழுவதும் பாவிக்கிறார்கள். அங்கே ஒன்று எல்லோருக்கும் பொருந்துகிறது. பாடத்திட்டம் ஒன்று, பாவிக்கிறவர்கள் மாணவரும் ஆசிரியரும், ஆசிரியர்களுக்கு அதிலேயே பயிற்சி கொடுக்கிறார்கள். உங்கள் நிலையத்துக்கு மியூனிக்கைவிட இந்த உதாரணம்தான் உதவும்.

எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்களின் வாதத்திலும் உண்மை இருக்கிறது. நூற்றுக்கணக்கான வழங்கல்கள் இருப்பதால் புதிதாக வருகிறவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார். ஒரே திருத்தத்தைப் பத்து இடத்தில் பத்துப் பேர் செய்கிறார்கள். இதை நான் மறுக்கவில்லை. வழங்கல்களுக்கு இடையிலான தூரமும் முன்னைவிடக் குறைந்திருக்கிறது. எந்த வழங்கலிலும் ஓடும்படி செயலிகளைப் பொதிந்து தரும் ஃபிளாட்பேக் வந்த பிறகு டெபியனின் பழைய அடிப்படையில் இருந்துகொண்டே புதிய செயலிகளைப் போடலாம். உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புகளுக்குப் புதிய கெர்னல்கள் பின்னால் வந்து சேர்கின்றன. உலாவி மட்டும் போதும் என்கிறவருக்கு குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ் மாதிரி ஒன்றே போதும். ஆளின் தேவை சுருங்கினால் வழங்கலின் வேறுபாடும் சுருங்கிவிடுகிறது. ஃபெடோரா சில்வர்புளூ போல, அடிப்படையைப் பூட்டிவைத்துச் செயலிகளை மட்டும் மேலே மாற்றும் முறை ஒருநாள் எல்லோருக்கும் ஒன்று என்ற இடத்துக்குக் கொண்டுபோகுமா என்று கேட்டால், போகலாம் என்றுதான் சொல்வேன். இன்றைக்கு நம்மூர் டேட்டா விலைக்கும் பழைய வட்டுகளுக்கும் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

லினக்ஸே பொருந்தாத ஆட்களும் இருக்கிறார்கள் என்பதை மறைக்கக்கூடாது. ஓட்டோகேட்டில் வீட்டுப்படம் வரைகிறவர், ஃபோட்டோஷொப்பிலும் கோரல்டிராவிலும் வேலை செய்யும் அச்சகக்காரர், இவர்களுடைய மென்பொருள்கள் லினக்ஸுக்கு வருவதில்லை. மாற்று இருக்கிறது என்று சொல்லி அவர்களின் பிழைப்பில் பரிசோதனை செய்யவேண்டாம். பாடசாலையில் மைக்ரோசொஃப்ட் ஓபிஸில் பழகும் பிள்ளைக்கு லிப்ரே ஓபிஸில் கணக்கெல்லாம் ஒன்றாக வந்தாலும் மெனு வேறு இடத்தில் இருக்கும். பரீட்சைக்கு முதல் மாதம் அது பதற்றத்தைக் கொடுக்கும்.

இனி உங்கள் 12 கணினிகள். லினக்ஸ் போடுகிற எல்லாவற்றிலும் ஒரே அடிப்படையைப் போடுங்கள் என்று அழுத்திச் சொல்வேன். அது தலைசிறந்தது என்பதற்காக அல்ல, நிலையத்தில் இதைப் பார்க்கப்போகிறவர் ஒருவரோ இருவரோ என்பதற்காக. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்த நாட்களில் அப்டேட் பாதியில் நின்று எழும்பாமல் போன கணினிகள் எனக்கு நிறைய வந்தன. எல்லாம் ஒரே குடும்பம் என்றபடியால் ஒரே திருத்தத்தைத் துண்டில் எழுதிக் கொடுத்து, போனிலேயே ஆட்களை வழிநடத்த முடிந்தது. நாலு கணினியில் நாலு வழங்கல் இருந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் பஸ் ஏறியிருக்கவேண்டும். டேட்டாவும் ஒரு காரணம். மாதத்துக்கு 500 எம்பி அப்டேட் என்று வைத்தால் 12 கணினிக்கு 6 ஜிபி. ஒரு கணினியில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற சேவையைப் போட்டால், அது ஒருமுறை இறக்கியதை மற்றவையும் அதனிடமே வாங்கிக்கொள்ளும். எல்லாம் ஒரே வழங்கலின் ஒரே பதிப்பாக இருந்தால்தான் இதன் முழுப் பயனும் கிடைக்கும்.

பெயர் சொல்லக் கேட்டீர்கள். 4 ஜிபியும் அதற்கு மேலும் ராம் உள்ளவற்றுக்கு மின்ட் 22 தொடர், எக்ஸ்எஃப்சிஈ முகத்தோடு. 2029 வரை ஆதரவு இருக்கிறது. கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்று விண்டோஸ் பழகிய ஐயாமாருக்குக் கை தானாகப் போகும். ஏதாவது பிழைத்தால் முந்திய நிலைக்குத் திரும்ப டைம்ஷிஃப்ட் கூடவே வருகிறது. உள்நுழைவுத் திரையின் அமைப்பில் விருந்தினர் அமர்வைத் திறந்துவிட்டால், வந்துபோகிறவர்களின் கோப்புகளும் உலாவிப் பதிவுகளும் அவர்கள் வெளியேறியதும் அழிந்துவிடும். பொது இடத்தில் இது மிக முக்கியம். அடுத்தவர் வந்து முந்தியவரின் மின்னஞ்சலைத் திறந்த நிலையில் கண்டதை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளின் மூலையில் இருக்கும் இரண்டு கணினிகளுக்கு விளையாடிப் படிக்க ஜீகாம்ப்ரியும் படம் வரைய டக்ஸ் பெயின்டும் மேலதிகமாகப் போடுங்கள். 32 பிட் புரொசெசர் உள்ளது ஏதும் இருந்தால் அதைத் தட்டச்சுப் பழக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வேறு வழங்கல் தேடிக் களைக்கவேண்டாம். ஒரு கணினியைப் பிரின்டருக்காக விண்டோஸிலேயே, இணையம் கொழுவாமல் விட்டுவையுங்கள். பழைய மலிவு லேசர் பிரின்டர்களில் சில, பக்கத்தை வரைந்தெடுக்கும் வேலையைக் கணினியிலிருக்கும் டிரைவரிடம் விட்டுவிடுபவை. அந்த டிரைவர் லினக்ஸுக்குச் சரியாக வராவிட்டால் மணிக்கணக்கில் மினக்கெட வேண்டும், முடிவில் வராமலும் போகலாம்.

என் அனுபவத்தின் எல்லையையும் சொல்லவேண்டும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களோடு நான் நேரடியாக வேலை செய்ததில்லை. திரையை வாசித்துக் காட்டும் ஓர்கா லினக்ஸில் இருக்கிறது, எழுத்தைக் குரலாக்கும் ஈஸ்பீக் தமிழிலும் பேசும். அதை நாளாந்தம் பாவிக்கும் ஒருவருக்கு அது போதுமா என்பதை அவரிடமே கேளுங்கள், நான் தீர்ப்புச் சொல்வது சரியாகாது. எக்ஸ்எஃப்சிஈதான் நல்லது என்பதும் என் ஐயாமாரைப் பார்த்து வந்த அபிப்பிராயம். உங்கள் ஊர்ப் பெடியள் கேடிஈ என்ற பணிச்சூழலில் சந்தோசமாக இருந்தால் அதையும் அதே அடிப்படையின்மேல் போட்டுக்கொள்ளலாம்.

எதையும் அழிக்க முதல் ஒரு வேலை செய்யுங்கள். மின்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி, வட்டைத் தொடாமல் ஒவ்வொரு கணினியையும் அதிலிருந்தே எழுப்புங்கள். வைஃபை வருகிறதா, சத்தம் வருகிறதா, பிரின்டரைப் பார்க்கிறதா என்று மூன்றையும், ராமின் அளவையும் புரொசெசரின் பெயரையும் ஒரு கொப்பியில் கணினிக்கு ஒரு வரியாக எழுதுங்கள். இரண்டு பேர் இருந்தால் ஒரு சனிக்கிழமை பின்னேரம் போதும். பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு, அந்தக் கணினியில் யார் அதிகமாக இருக்கப்போகிறார், எந்த முறையில் தமிழ் அடிப்பார் என்பதையும் அவரிடமே கேட்டு எழுதிவிடுங்கள். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து இங்கே போட்டால், எதில் சிக்கல் வரும் என்று வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.